தண்ணி கட்டியாச்சு

வாக்கிடாக்கியில் நான் அதைச் சொல்லி முடிக்க இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. “தண்ணி கட்டியாச்சு.” அவ்வளவுதான். அதற்காக எனக்கு வேலை போனது. நான்கு நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாய் என்மேல் மண்ணை அள்ளித் தூற்றினார். இதையெல்லாம் என் தலையில் ஏற்றிவைத்த ஆளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் கிடையாது. பெரிய மனது பண்ணி மறந்துவிடு என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடலாம்.

ராக்கெட் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்றதும் என்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம், வீட்டில் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கடலை. குன்றாண்டார்கோவில் பக்கம் பாறையும் செம்மண்ணுமாகக் கிடந்த ஒரு பொட்டலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, சென்னையிலிருந்து வந்த ஒரு தனியார் கம்பெனி சோதனை மேடை ஒன்றைக் கட்டியது. ராக்கெட் அங்கிருந்து வானத்துக்குப் போகாது. மேடையில் நிறுத்தி, இரும்புச் சட்டங்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை மட்டும் எரித்துப் பார்ப்பார்கள். மேடைக்குக் கீழே நெருப்பு இறங்குவதற்கு ஒரு பெரிய கான்கிரீட் குழி. அந்தக் குழி வெந்துபோகாமல் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் என் பொறுப்பு. ஒரு தொட்டி, இரண்டு மோட்டார், ஒரு பெரிய வால்வு. எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றைவிடக் கொஞ்சம் பெரிய வேலை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

மேடையில் சோதனையை நடத்துகிறவர் எங்கள் மேலாளர். காவிரிக்கரைப் பக்கத்து வாழை விவசாயியின் மகன். படித்து, வெளிநாடெல்லாம் போய்விட்டு வந்தவர். ஆனாலும் ஊர்க்காரர்கள் நாலு பேரைப் பார்த்துவிட்டால் போதும், உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு குரல் வந்துவிடும். “நானும் சம்சாரி வீட்டுப் புள்ளதாங்க. எட்டு வயசுலயே வாழைக்குத் தண்ணி கட்டுனவன் நான்.” வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேன்டீனில் எங்களிடம் இதைச் சொன்னார். அப்புறம் கொத்தனாரிடம் சொன்னார், டிரான்ஸ்ஃபார்மர் மாட்ட வந்த மின்வாரிய ஆட்களிடம் சொன்னார், பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அது பின்னால் எனக்கு உதவும் என்று அன்றைக்குத் தெரியாது.

என்னோடு வேலை பார்த்த இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டைப்பட்டினத்துக்காரர். மீன்பிடிக் குடும்பம், அவருடைய அண்ணன் விசைப்படகு வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். எரிபொருள் டேங்குக்குள் அழுத்தம் ஏற்றுகிற குழாய்கள் அவருடைய பொறுப்பு. டேங்கின் உச்சியில் ஒரு சேஃப்டி வால்வு உண்டு. குக்கரில் விசில் செய்கிற வேலைதான் அதற்கும். அழுத்தம் அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். சோதனைக்கு ஐந்தாறு நாள் முன்னால் அண்ணன் அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, “ஒட்டுது தங்கச்சி, சரியா எந்திரிக்க மாட்டேங்குது” என்றார். மேலாளரிடமும் போய்ச் சொன்னார். “புதுசு வரட்டும், இந்தச் சோதனைக்கு இது தாங்கும்” என்று பதில் வந்தது.

வெடித்த நாள் நல்ல வெயில். கம்பெனியில் பணம் போட்டவர்கள் சென்னையிலிருந்து வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் எஞ்சினை மூன்று விநாடி மட்டும் எரித்துப் பார்த்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். மத்தியானம் முழுச் சோதனை. நான் மோட்டார் ஷெட்டில் இருந்தேன். அண்ணன் மேடைக்கு இந்தப் பக்கம் இருந்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்தார். கவுண்ட்டவுன் ஓடிக்கொண்டிருந்தபோது அழுத்தக் கருவியின் முள் நிலைகொள்ளாமல் ஆடியது. நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இன்றைக்கு இனி நடக்காது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

வாக்கிடாக்கியில் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்பது விதி. வால்வு திறந்திருந்தால் ‘ஓப்பன்’, மூடியிருந்தால் ‘குளோஸ்டு’. விதியைப் போட்டவரே மேலாளர்தான். பதற்றத்தில் விதியை உடைத்ததும் அவர்தான். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாட்சைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள் போல. திடீரென்று அவர் குரல் வந்தது.

“தண்ணி கட்டியாச்சாம்மா?”

நான் வால்வைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. குழிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் ஷெட் வரை கேட்டது. எங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் விடுவதைத் தண்ணி கட்டுவது என்றுதான் சொல்வோம். “கடலைக்குத் தண்ணி கட்டிட்டு வாரேன்” என்று கிளம்பினால் மடையை அடைக்கப் போகிறார் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். அவர் கேட்டதும் அந்தப் பொருளில்தான், நான் சொன்னதும் அந்தப் பொருளில்தான்.

“தண்ணி கட்டியாச்சு சார்.”

கொஞ்ச நேரத்தில் டேங்க் வெடித்தது. சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஷெட்டின் தகரக் கூரை போய்விட்டது. நான் எழுந்து வெளியே வந்தபோது மேடை இருந்த இடத்தில் கறுப்புப் புகை நின்றது. தடுப்புச் சுவருக்கு முன்னால், மேடையை நோக்கிப் போகிற பாதையில், அண்ணன் குப்புறக் கிடந்தார். சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டியவர் ஏன் முன்னால் கிடக்கிறார் என்று அந்த நிமிடம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவரைப் புரட்டிப் போட்டோம். முகமெல்லாம் ரத்தம்.

தீயணைப்பு வண்டி வந்தது. அந்தக் களேபரத்துக்கு நடுவில் கேட்டுக்கு வெளியே ஒருவர் மண்வெட்டியும் கையுமாக நின்று கத்திக்கொண்டிருந்தார். எங்கள் வேலிக்குக் கீழ்ப்புறம் கடலை போட்டிருந்த விவசாயி. “எவன்டா அது என் கடலைக்குத் தண்ணி கட்டுனது? புடுங்கப்போற நேரத்துல வந்து கட்டியிருக்கீங்களேடா, அம்புட்டும் முளைச்சுப் போகுமேடா!” குழியிலிருந்து வழிந்த தண்ணீர் வேலிக்கு அடியில் புகுந்து அவர் வயலுக்குள் இறங்கியிருந்தது. மனுசன் உயிருக்குப் போராடுகிற இடத்தில் கடலைக்கு அழுகிறார் என்று எல்லோரும் அவரை ஏசி விரட்டினோம். நானும்தான் ஏசினேன். தீயணைப்பு வண்டித் தண்ணீர் என்று அவரிடம் சொல்லியனுப்பினார்கள்.

அண்ணனுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும் என்றார்கள். மதுரையில் வைத்துப் பார்த்தார்கள்.

பத்துப் பதினைந்து நாளில் விசாரணை வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. அதில் இருவருக்குத் தமிழ் தெரியாது, கேள்வி கேட்டவர் சென்னைக்காரர். வாக்கிடாக்கிப் பேச்சு எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. அதைப் போட்டுக் காட்டினார்கள்.

“இது உங்க குரலா?”

“ஆமாங்க.”

“நீங்க சொன்னது இதுதானா?”

“இதுதாங்க.”

மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர் உட்கார்ந்திருந்தார். கையில் தாள்கள். அந்தப் பேச்சை வரிக்கு வரி இங்கிலீஷில் எழுதிய தாள்கள். எங்கள் பக்கத்துத் தமிழ் தெரிந்தவர் என்ற முறையில் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையை அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். என்னிடம் யாரும் அந்தத் தாளைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி என்ன பயம் என்று வெளியே வந்து கேன்டீனில் டீ குடித்தேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்து வேலைநீக்கக் கடிதமும் அறிக்கையின் நகலும் தபாலில் வந்தன. பூவரச மரத்தடியில் நின்று பிரித்துப் படித்தேன். ‘தண்ணீர் மூடப்பட்டுவிட்டதா?’ என்று மேலாளர் கேட்டதாகவும், ‘மூடியாயிற்று’ என்று நான் பதில் சொன்னதாகவும் இங்கிலீஷில் இருந்தது. காலைச் சோதனையில் சூடேறிய குழிக்குத் தண்ணீர் போகாததால் அது ஆறவில்லையாம், கசிந்த எரிபொருளின் ஆவி அதில் பட்டுத் தீப்பிடித்ததாம், அதனால் டேங்க் வெடித்ததாம். காரணம், தண்ணீர்ப் பிரிவு ஊழியரின் கவனக்குறைவு. சேஃப்டி வால்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘மொழிபெயர்ப்பு சரி’ என்று அந்த ஆளின் கையெழுத்து.

கட்டு என்றால் மூடு என்று சென்னைக்காரர் ஒருவர் நினைத்து எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. எட்டு வயதில் வாழைக்குத் தண்ணீர் கட்டியவர் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். தெரியாமல் போட்டதல்ல. அந்த ஒரு சொல்லை இப்படித் திருப்பிவிட்டால் சேஃப்டி வால்வு விஷயம் மறைந்துவிடும், நான் மாட்டிக்கொள்வேன், அவர் தப்பித்துக்கொள்வார் என்று தெரிந்தே போட்டது. அன்றிலிருந்து நான் அவரை மனதுக்குள் அவர் என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

போலீஸ் கூப்பிட்டது. வழக்குப் பதிவு செய்யலாமா என்று விசாரித்தார்கள். எங்கள் ஊரில் கடைக்குப் போனால், “என்னாத்தா, ராக்கெட்டைக் கொளுத்திட்டு வந்துட்டியாம்ல?” என்று சிரித்தார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு அண்ணனைப் பார்க்கப் போனேன். அவருடைய அம்மா என்னை வாசலிலேயே பார்த்துவிட்டார். “என் மகன் கண்ணைப் பிடுங்குனது நீதானடி! ஒரு குழாயைத் தொறந்து விட ஒனக்கு வலிச்சுச்சா?” என்று கீழே குனிந்து மண்ணை அள்ளினார். உள்ளே போக முடியவில்லை. போன் பண்ணினேன், அண்ணன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் பண்ணினேன். விசாரணையில் அவர், “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை” என்று மட்டும் சொன்னதாகத் தெரிந்தது. வால்வு ஒட்டியதைச் சொல்ல வேண்டியவர் வாயை மூடிக்கொண்டார் என்று அவர்மேலும் கறுவினேன். ஒருநாள் நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

பழிவாங்குவது என்று முடிவு செய்த பிறகு எனக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதுவரை அழுதுகொண்டு படுத்துக் கிடந்தவள் எழுந்து குளித்துவிட்டு பஸ் ஏறினேன். முதலில் போனது அந்தக் கடலைக்காரரிடம். வயலில் நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் மறுபடி ஏசத் தொடங்கினார். முழுதும் ஏசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“ஐயா, அன்னைக்குத் தண்ணி எப்ப வந்துச்சு? வெடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான். நான் வரப்புல நின்னு, எந்தப் பய தண்ணி கட்டுறான்னு அங்கிட்டு மேட்டைப் பாத்து வைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், அப்பத்தான் டமார்னுச்சு. விழுந்துட்டேன். சேத்துலதான் விழுந்தேன். வேட்டியெல்லாம் சேறு.”

“வெடிக்கிறதுக்கு முன்னாடியே சேறா?”

“சேறுங்கிறேன்ல. தீயணைப்பு வண்டித் தண்ணியாம். வண்டியே அரைமணி கழிச்சுத்தான் வருது. எவன் காதுலயாச்சும் ஏறுச்சா? நீயுந்தானத்தா என்னை வெரட்டுன.”

விரட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டினேன். ‘தண்ணி கட்டியாச்சு’ என்றால் மூடியாயிற்று என்று எழுதியிருக்கிறார்கள் என்றதும் அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தார். பிறகு அவருக்கே கோபம் வந்தது.

கம்பெனி மறுபடி சோதனையைத் தொடங்க வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் பயந்துபோய், கிராம சபையில் வந்து பதில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதில் சொல்ல அந்த ஆள்தான் வரப்போகிறான் என்று தெரிந்ததும் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியும். சம்சாரிகள் நிறைந்த கூட்டம், கையில் மைக். வாழைத் தோட்டத்தைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது.

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். நான் கடலைக்காரரோடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அந்த ஆள் வெள்ளைச் சட்டையில் வந்தான். கும்பிட்டான். இனிமேல் எல்லாம் பாதுகாப்பாக நடக்கும் என்றான். ஒரு ஊழியரின் தவறால் நடந்த விபத்து, அவரை நீக்கிவிட்டோம் என்றான். அதுவரை வாழை வரவில்லை. இன்றைக்கென்று மறந்துவிட்டானோ என்று பயந்தேன். முடிக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, “ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியாததா? நானும் சம்சாரி வீட்டுப் புள்ளதாங்க. எட்டு வயசுலயே வாழைக்குத் தண்ணி கட்டுனவன் நான்” என்றான்.

நான் எழுந்தேன்.

“சார், ஒரு சந்தேகம். தண்ணி கட்டுனேன்னு சொல்றீங்களே, தண்ணி ஓடுச்சா, நின்னுச்சா?”

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. கூட வந்திருந்த கம்பெனி ஆள் எழுந்து, “இவங்க இந்த ஊரே இல்லை, பேச அனுமதிக்கக் கூடாது” என்றார். கடலைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “நீங்க மட்டும் இந்த ஊராய்யா? எனக்குப் பதிலா அந்தப் புள்ள கேக்குது. கேளாத்தா” என்றார். கூட்டம் சிரித்தது. தலைவரும் கேட்கச் சொல்லிவிட்டார்.

“சும்மா சொல்லுங்க சார். வாழைக்குத் தண்ணி கட்டுனா தண்ணி உள்ள போகுமா, போகாதா?”

“போகும்” என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? அத்தனை சம்சாரிகள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

அறிக்கையை விரித்து நிதானமாகப் படித்தேன். அவன் கேட்டது, நான் சொன்னது, அதை இங்கிலீஷில் எழுதியது, கீழே போட்ட கையெழுத்து. கூட்டத்தில் முதலில் ஒரு பெண்தான், “அடப்பாவி!” என்றார். பிறகு யார் பேசுகிறார்கள் என்று தெரியாத அளவுக்குச் சத்தம். கடலைக்காரர் எழுந்து சேற்றில் விழுந்த கதையைச் சொன்னார். ஒருவர் அவனைப் பார்த்து, “வாழைக்குத் தண்ணி கட்டுனானாம், வாழை காஞ்சு செத்திருக்கும்டா” என்றார். அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த முகத்தை நான் ஆசைதீரப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க மாட்டானா என்றிருந்தது.

பத்துப் பேராவது போனில் படம் பிடித்திருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. அவனுடைய சொந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒருவருடைய நம்பரைத் தேடிப் பிடித்து அந்த வீடியோவை அனுப்பினேன். இரண்டே நாளில் அவன் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கம்பெனி அவனை வேலையிலிருந்து ஒதுக்கிவைத்தது. மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. ஷெட்டில் குவித்து வைத்திருந்த உடைந்த பாகங்களைக் கிளறி அந்தச் சேஃப்டி வால்வை எடுத்தார்கள். திறக்காமலே ஒட்டிக் கிடந்ததாம்.

ஒரு காலையில் அவன் எனக்குப் போன் பண்ணினான். குரல் உடைந்திருந்தது. “எங்கப்பா தெருவுல எறங்கி நடக்க முடியலம்மா. வயசானவரும்மா. அந்த வீடியோவை எடுக்கச் சொல்லும்மா” என்றான். அவன் அப்பா எனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று ஒரு நொடி தோன்றியது. என் அப்பா கடைவீதியில் கேட்ட பேச்செல்லாம் உடனே ஞாபகம் வந்தது.

“தண்ணி கட்டியாச்சு சார். இனிமே நிறுத்த முடியாது” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்போடுதான் கோட்டைப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். மறுவிசாரணைக்கு முன்னால் அண்ணனைப் பார்த்துவிட வேண்டும். வால்வைப் பற்றி இப்போதாவது வாயைத் திறப்பாரா என்று கேட்க வேண்டும். வீட்டில் அவருடைய அம்மா இருந்தார். வீடியோவைப் பார்த்திருப்பார் போல, என் முகத்தைப் பார்க்காமல், “உள்ள வாத்தா” என்றார். மண் அள்ளிய கையால் டீ போட்டுக் கொடுத்தார். அவரிடம் எனக்கு இருந்த கோபம் பாதி டீயிலேயே போய்விட்டது. அண்ணன் மீன்பிடி ஜெட்டிப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

ஜெட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. என் குரலைக் கேட்டதும், “தங்கச்சியா? வா, வா” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரித்தார். போனில் சொன்ன பதிலைக் கேட்டு இன்னும் சிரித்தார். இவர்மேலா கறுவிக்கொண்டிருந்தோம் என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

“வால்வைப் பத்தி இந்தத் தடவை சொல்லிருங்கண்ணே.”

“சொல்றேன். அதைக் கட்டாயம் சொல்றேன்.”

“போன தடவை ஏன் சொல்லலை? என் போனை ஏன் எடுக்கலை?”

கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகுகள் திரும்பி வருகிற நேரம். அவருடைய அண்ணன் படகு வந்து அணைந்தது. மேலே இருந்து ஒருவர், “கட்டியாச்சா?” என்று கத்தினார். கயிற்றைக் கல்லில் சுற்றிக்கொண்டிருந்தவர் கீழேயிருந்து, “கட்டியாச்சு, கட்டியாச்சு!” என்றார். எஞ்சின் நின்றது. படகில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அன்றைய வேலை முடிந்தது.

சுவருக்கு முன்னால் அவர் குப்புறக் கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

“அண்ணே, அன்னைக்கு நீங்க ஏன் சுவரை விட்டு வெளிய வந்தீங்க?”

“அதை எதுக்கு இப்ப கேக்கிற? விடு.”

“சொல்லுங்கண்ணே.”

“என் வாக்கிடாக்கி செட்டு கரகரன்னு இருந்துச்சு. தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். சார் கேட்டது எதுவும் எனக்குக் கேக்கலை. திடீர்னு ஒன் குரல் கேட்டுச்சு, அதுவும் கட்டியாச்சுங்கிறது மட்டும். ரெண்டு தடவை நிறுத்திட்டாங்கள்ல, சரி, இன்னைக்கு வேலையைக் கட்டிட்டாங்கன்னு நெனச்சு மேடையில மாட்டியிருந்த மீட்டரைக் கழட்ட வந்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “வாயைத் தொறந்தா இதையும் கேப்பாங்க. அதான் ஞாபகம் இல்லைன்னுட்டேன். ஒன்கூடப் பேசினா சொல்லிருவேனோன்னுதான் போனை எடுக்கலை.”

விதிப்படி நான் ‘ஓப்பன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஓப்பன் என்று கேட்டிருந்தால் அவர் சுவருக்குப் பின்னாலேயே இருந்திருப்பார். டேங்க் வெடித்திருக்கும், கண் போயிருக்காது. எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர், “அழுவுறியா? நீ வேணும்னா சொன்ன? இதை யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா அந்த ஆளு வக்கீலை வச்சு இதைப் பிடிச்சுக்கிட்டே வெளிய வந்துருவான்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அவன் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று திரும்பி வரும் பஸ்ஸில் ஆலங்குடி வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி நம்பினேன்.

மறுவிசாரணை புதுக்கோட்டையில் ஒரு அலுவலக மாடியில் நடந்தது. இந்த முறை குழுவில் எல்லோருக்கும் தமிழ் தெரியும். வயல்காட்டில் தண்ணி கட்டுவது என்றால் என்ன என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தான். நன்றாக மெலிந்திருந்தான். அவன்மேல் எனக்கு அப்போதும் துளி இரக்கம் வரவில்லை, இன்றும் வரவில்லை. அண்ணன் வால்வைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். வெளியே வந்ததைக் கேட்டபோது மட்டும் ஞாபகம் இல்லை என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஒண்ணா வேலை பாத்தவங்க. அவர் ஏன் தடுப்புச் சுவரை விட்டு வெளிய வந்தார்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாதுங்க சார்” என்றேன்.

அண்ணன் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். முகத்தை என் பக்கம் திருப்பி, “எழுதிட்டாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எழுதிட்டாங்கண்ணே.”